கறை படிந்த பற்களின் ஊர்கள்

நான் ஐந்தாம் வகுப்பில் படித்த ஆண்டில், காலை வழிபாடு முடிந்ததும் எங்கள் ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி நகத்தையும் தலையையும் பல்லையும் பார்ப்பார். பல்லைக் காட்டும் முறை வரும்போது எங்களில் பாதிப் பேர் உதட்டை அரைகுறையாகத்தான் விலக்குவோம். எங்கள் முன்பற்களில் சுண்ணாம்பு தீற்றியது போன்ற வெண்பட்டைகளும், அவற்றின் நடுவே தேநீர் சிந்திக் காய்ந்தது போன்ற பழுப்புத் திட்டுகளும் இருந்தன. "பல்லு விளக்காத பசங்க எல்லாம் இந்தப் பக்கம் நில்லுங்க" என்று அவர் சொன்னதும் நாங்கள் நகர்ந்து நிற்போம். தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் அந்தக் கறை ஒருவருக்கு மட்டும் உரிய குறை அல்ல. ஆனாலும் அப்படி ஒதுங்கி நிற்கும்போது ஒவ்வொருவரும் தன்னைத்தான் அழுக்கானவனாக நினைத்துக்கொண்டோம்.

வீட்டில் ஆயா வேப்பங்குச்சியைக் கையில் கொடுத்து, "நல்லா அழுத்தித் தேயி சாமி, போயிரும்" என்பார். குச்சியில் போகாததால் கரித்தூள், கரித்தூளில் போகாததால் சலித்த செங்கல் தூள் என்று மாற்றி மாற்றித் தேய்த்தேன். ஈறில் இரத்தம் கசிந்ததே தவிர, கறை இம்மியும் அசையவில்லை. ஆயாவின் பற்களில் வெற்றிலைக் கறை உண்டு. உப்பு வைத்துத் தேய்த்தால் அது ஓரளவு மங்கும். அதனால் என் கறையும் அப்படியே போய்விடும் என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை. ஆயாவின் கறைக்கும் என் கறைக்கும் என்ன வேறுபாடு என்று அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

இருபத்திரண்டு வயதில், கடைவாய்ப்பல் வலிக்காகச் சேலத்தில் ஒரு பல் மருத்துவரிடம் போனேன். வாயைத் திறந்ததும் அவர் முதலில் கேட்டது, "எந்த ஊர்?" என்பதுதான். ஊர்ப் பெயரைச் சொன்னேன். "இது நீங்கள் விளக்காததால் வந்ததில்லை, சின்ன வயதில் குடித்த தண்ணீரால் வந்தது. பல் ஈறுக்குள் உருவாகும்போதே இது நடந்துவிட்டது" என்றார். புளோரோசிஸ் என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அந்த ஒரு விளக்கத்தைச் சொல்லக்கூடிய நிலைக்கு வந்து சேர மருத்துவ உலகத்துக்கு முப்பது ஆண்டுகள் ஆயின என்பதையும், அந்த முப்பது ஆண்டுகளையும் ஒரு சிற்றூர்ப் பல் மருத்துவர் ஏறக்குறையத் தனியாகவே சுமந்தார் என்பதையும் அதன்பின் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவருக்கு நான் கடன்பட்டவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

அவர் பெயர் ஃபிரெடெரிக் மெக்கே. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் முடித்துவிட்டு, 1901-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், பைக்ஸ் பீக் என்னும் கருங்கல் மலையின் அடிவாரத்தில் உள்ள கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்துக்குத் தொழில் செய்ய வந்தார். வந்தவுடன் அவர் கண்ணில் பட்டவை உள்ளூர்க்காரர்களின் பழுப்புப் பற்கள். சிலருக்குப் பல் முழுவதுமே சாக்லேட் நிறத்தில் இருந்தது. படித்த புத்தகங்களில் தேடிப் பார்த்தார். அப்படி ஒரு நோயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஊரில் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்: பன்றி இறைச்சியை அதிகம் தின்பதால் வருகிறது, தரம் கெட்ட பாலைக் குடிப்பதால் வருகிறது, தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருப்பதால் வருகிறது. உள்ளூர்ப் பல் மருத்துவர்களோ அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போய், கேள்வி கேட்பதையே விட்டிருந்தார்கள். ஊரார் அதற்கு வைத்த பெயர் 'கொலராடோ பழுப்புக் கறை'.

மெக்கேயிடம் ஆய்வகம் கிடையாது. பல்கலைக்கழகப் பதவியும் கிடையாது. நாள் முழுவதும் பல் பிடுங்குவதும் அடைப்பதுமாக இருந்த ஒருவர் தம் ஓய்வு நேரத்தில் தொடங்கிய வேலை இது. தம் சொல்லை வெளியுலகம் பொருட்படுத்தாது என்பதை உணர்ந்த அவர், சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பள்ளியின் தலைவராக இருந்த ஜி. வி. பிளாக்குக்கு எழுதினார். பிளாக் அக்காலத்துப் பல் மருத்துவத்தின் பெரும் ஆளுமை. சொத்தைப் பல்லை எப்படிக் குடைந்து எப்படி அடைப்பது என்பதற்கு அவர் வகுத்த நெறிகளைத்தான் பல தலைமுறைப் பல் மருத்துவர்கள் கற்றார்கள். இவ்வளவு வெளிப்படையான ஒரு நோய் நூல்களில் இடம்பெறாமல் போயிருக்கும் என்பதை அவரால் முதலில் நம்ப இயலவில்லை. 1909-ஆம் ஆண்டில் நேரில் வந்தார். அந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் 87.5 விழுக்காட்டினருக்குக் கறை இருப்பதாக உள்ளூர்ப் பல் மருத்துவர் சங்கத்தின் கணக்கெடுப்பு காட்டியது. நூறு பிள்ளைகளில் எண்பத்தேழு பேருக்கு இருப்பதை ஒரு பிள்ளையின் சோம்பலாகச் சொல்ல முடியாது. எங்கள் பள்ளி வரிசையில் அன்று யாராவது இப்படி எண்ணிப் பார்த்திருந்தால் போதுமே என்று இந்த எண்ணைக் காணும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

1915-ஆம் ஆண்டில் இறக்கும்வரை பிளாக் இந்தக் கேள்வியைக் கைவிடவில்லை. கறை படிந்த பற்களை மெல்லிய சீவல்களாக அறுத்து உருப்பெருக்கியில் ஆராய்ந்தார். இருவரும் சேர்ந்து இரண்டு முடிவுகளுக்கு வந்தார்கள். முதலாவது, இது பல்லின்மேல் வந்து ஒட்டும் அழுக்கு அல்ல. பல்லின் கடினமான மேலுறையான எனாமல் உருவாகும் பருவத்திலேயே நேரும் குறைபாடு. அதனால்தான் நிலைப்பற்கள் முற்றி வளர்ந்த பிறகு அந்த ஊரில் குடியேறிய பெரியவர்களுக்கு எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் கறை வரவில்லை. இரண்டாவது அவர்களையே திகைக்க வைத்தது. அமைப்பிலேயே குறையுள்ள இந்தப் பற்கள் எளிதில் சொத்தையாக வேண்டும். ஆனால் மற்ற ஊர்ப் பற்களைவிட இவை சொத்தையை நன்றாகத் தாங்கின. அந்தத் திகைப்புக்கு அவர்கள் விடை காணவில்லை. ஆனால் தங்கள் எதிர்பார்ப்புக்கு ஒவ்வாததை மறைக்காமல் எழுதிவைத்தார்கள். பின்னால் வந்தவர்களின் பெரிய வேலை அனைத்தும் அந்த ஒரு குறிப்பிலிருந்து முளைத்தது.

காரணம் தண்ணீர்தான் என்ற ஐயம் மெக்கேக்கு நெடுநாளாக உண்டு. கொலராடோவோடு இது முடியவில்லை என்பதும் அவருக்குத் தெரியவந்தது. இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தில், அமெரிக்காவுக்குக் கப்பலேறும் குடியேறிகளைப் பரிசோதிக்கும் பணியில் இருந்த ஜான் ஈகர் என்ற அமெரிக்க மருத்துவர், அந்தச் சுற்றுவட்டாரத்து மக்களின் கறுத்த பற்களைப் பற்றி 1901-ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். நேப்பிள்ஸைச் சுற்றிலும் எரிமலை நிலம். கடல் கடந்த இரண்டு ஊர்களின் பிள்ளைகள், உணவிலும் வழக்கத்திலும் எந்த ஒற்றுமையும் இல்லாதவர்கள், ஒரே கறையைச் சுமந்தார்கள். ஆனால் மெக்கே தண்ணீரை அனுப்பிச் சோதித்தபோதெல்லாம் ஐயத்துக்குரிய எதுவும் கிடைக்கவில்லை. அன்றைய வேதியியல் சோதனை, எதைத் தேடுகிறோமோ அதைத்தான் காட்டும். கால்சியம் உண்டா என்று தேடினால் கால்சியத்தைக் காட்டும். இரும்பைத் தேடினால் இரும்பைக் காட்டும். பாறையிலிருந்து தண்ணீரில் கரையும் புளோரைடு என்னும் உப்பைக் குடிநீரில் தேட வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

இந்த வரலாற்றில் நான் அடிக்கடி திரும்பிப் போகும் இடம் ஒன்று உண்டு. ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்ற சிற்றூர். 1923-ஆம் ஆண்டில் அங்குள்ள பெற்றோர்கள் மெக்கேயை அழைத்துத் தங்கள் பிள்ளைகளின் பற்களைக் காட்டினார்கள். ஏறத்தாழ 5 மைல் தொலைவில் இருந்த ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் இந்தக் கறை வரத் தொடங்கியது என்று அவர்களே சொன்னார்கள். மெக்கே அந்தத் தண்ணீரைச் சோதித்தார். வழக்கம்போல எதுவும் அகப்படவில்லை. இருந்தாலும், அந்தக் குழாயைக் கைவிட்டு வேறொரு ஊற்றுக்கு மாறிவிடுங்கள் என்று அவர் அறிவுரை கூறினார். ஊராரும் அப்படியே செய்தார்கள். சில ஆண்டுகளில், புதிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த சிறு பிள்ளைகளுக்கு நிலைப்பற்கள் கறையில்லாமல் முளைத்தன.

கையில் சான்று இல்லாத நிலையில் ஒரு மருத்துவர் பெற்றோரின் கண்ணை நம்பினார். எந்தப் பிள்ளைக்கு எப்போது பல் முளைத்தது, அந்த ஆண்டில் எந்தத் தண்ணீர் குடித்தது என்பது தாய்க்குத் தெரியும், ஆய்வகத்துக்குத் தெரியாது. மெக்கே அந்த அறிவை அறிவாகவே மதித்தார். எங்கள் ஊரிலும் இதைச் சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். என் தாத்தாவும் ஆயாவும் வளர்ந்த காலத்தில் ஊர்ப் பொதுக்கிணறும் ஏரித் தண்ணீரும்தான் குடிநீர். அவர்களுடைய பற்களில் வெற்றிலைக் கறையைத் தவிர வேறு கறை கிடையாது. 1980-களின் தொடக்கத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டிக் கைப்பம்பு வைத்தார்கள். அதற்குப் பிறகு பிறந்தவர்கள் நாங்கள். "பம்புத் தண்ணி வந்ததுக்கு அப்புறம்தான் புள்ளைங்க பல்லு இப்படி ஆச்சு" என்று ஆயா பலமுறை சொல்லியிருக்கிறார். அதைக் கேட்க ஒரு மெக்கே எங்கள் ஊருக்கு வரவில்லை.

ஓக்லிக்குப் பிறகு அவரை அர்கன்சா மாநிலத்தின் பாக்சைட் என்ற ஊர் அழைத்தது. அலுமினியக் கனிமத்தின் பெயரையே தாங்கிய அந்த ஊர், ஆல்கோவா என்ற அலுமினிய நிறுவனத்துக்குச் சொந்தமானது. 1909-ஆம் ஆண்டில் அங்கே ஆழமற்ற கிணறுகளைக் கைவிட்டு ஆழமான கிணறுகளுக்கு மாறியிருந்தார்கள்; அதற்குப் பின் வளர்ந்த பிள்ளைகளுக்கே கறை இருந்தது. 5 மைல் தள்ளியிருந்த இன்னொரு ஊரில் ஒருவருக்கும் இல்லை. இந்தப் பத்தியை முதல்முறை படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன். மேல்கிணற்றிலிருந்து ஆழ்கிணற்றுக்கு மாறிய ஊர் என்பது எங்கள் ஊரின் கதை அல்லவா? மெக்கேயும் பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த குரோவர் கெம்ப்பும் 1928-ஆம் ஆண்டில் பாக்சைட்டுக்குச் சென்று எழுதிய அறிக்கையிலும் காரணம் இன்னது என்ற பகுதி வெறுமையாகவே இருந்தது.

அந்த அறிக்கை, பென்சில்வேனியாவில் ஆல்கோவாவின் தலைமை வேதியியலாளராக இருந்த எச். வி. சர்ச்சிலின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அலுமினியப் பாத்திரத்தில் சமைப்பது நஞ்சு என்று சிலர் பரப்பிவந்த காலம் அது. அலுமினிய ஊரில் பிள்ளைகளின் பல் கெடுகிறது என்ற செய்தி பரவினால் நிறுவனத்தின் பெயர் கெடும் என்று அவர் அஞ்சினார். எனவே வழக்கமான சோதனைகளோடு நிறுத்தாமல், எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிய வேண்டாத நிறமாலைப் பகுப்பாய்வுக்குத் தண்ணீரை உட்படுத்தினார். ஒரு பொருளைச் சூடேற்றி ஒளிவிடச் செய்து, அந்த ஒளியைப் பிரித்துப் படம் பிடித்தால், அதில் உள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய கோடுகளில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பாக்சைட் தண்ணீரில் புளோரைடு தெரிந்தது. சர்ச்சிலால் அதை நம்ப முடியவில்லை. தண்ணீர் எங்கோ மாசுபட்டிருக்க வேண்டும் என்று கருதி மறுபடியும் வரவழைத்துச் சோதிக்கச் சொன்னார். இரண்டாம் முறையும் அதுவே வந்தது. லிட்டருக்கு 13.7 மில்லிகிராம். 1931 ஜனவரியில் அவர் மெக்கேக்குக் கடிதம் எழுதி, கறையுள்ள மற்ற ஊர்களின் தண்ணீரையும் அனுப்புமாறு கேட்டார். மெக்கே அனுப்பிய புட்டிகள் அனைத்திலும் புளோரைடு மிகுதியாக இருந்தது.

ஒரு நிறுவனத்தின் பெயரைக் காக்கத் தொடங்கிய சோதனையின் முடிவை எப்படி நம்புவது என்று கேட்பவர்கள் உண்டு. அலுமினிய ஆலைகள் புளோரைடுக் கழிவை வெளியிடுபவை என்பதால் அந்தக் கேள்வி இன்றும் எழுப்பப்படுகிறது. ஆனால் முடிவு சர்ச்சிலின் சொல்லை மட்டும் நம்பி நிற்கவில்லை. அதே 1931-ஆம் ஆண்டில், அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் கேமக் ஸ்மித்தும் அவருடைய குழுவினரும், கறையுள்ள ஓர் ஊரின் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி எலிகளுக்குக் கொடுத்து, பிறகு புளோரைடைத் தனியாகவும் கொடுத்து, எலிகளின் வெட்டுப்பற்களில் அதே குறையை உண்டாக்கிக் காட்டினார்கள். ஒருவர் தண்ணீரைப் பிரித்துப் பார்த்துக் கண்டதை இன்னொருவர் உயிருள்ள உடலில் உண்டாக்கிப் பார்த்து உறுதிசெய்தார். அந்தப் பெண் அறிவியலாளரின் பெயர் மெக்கே, சர்ச்சில் ஆகியோரின் பெயர்கள் அளவுக்குச் சொல்லப்படுவதில்லை. சொல்லப்பட வேண்டும்.

புளோரைடு என்ன செய்கிறது என்பதை இன்று இன்னும் நுட்பமாக அறிவோம். எனாமலை உருவாக்கும் செல்கள் முதலில் புரதத்தாலான ஒரு சட்டகத்தை அமைக்கின்றன. பிறகு அந்தப் புரதத்தைச் சிறிது சிறிதாக அகற்றிக்கொண்டே அதன் இடத்தில் தாதுப்பொருளை நிரப்புகின்றன. அளவுக்கு மிஞ்சிய புளோரைடு இருந்தால் புரதம் நீங்குவது தாமதமாகிறது. அதனால் மேற்பரப்பு கெட்டியாக இருந்தாலும் அதன் கீழே நுண்துளைகள் நிறைந்த, தாது குறைந்த எனாமல் தங்கிவிடுகிறது. ஒளி அதில் சிதறுவதால் சுண்ணாம்பு வெண்மை தெரிகிறது. பல் ஈறைக் கிழித்து வெளியே வந்த பிறகு, உணவிலும் பானத்திலும் உள்ள நிறப்பொருள்கள் அந்தத் துளைகளுக்குள் இறங்கிப் பழுப்பாகின்றன. கறை உள்ளே இருந்தது. நான் செங்கல் தூளைக் கொண்டு வெளியே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

1931-க்குப் பிறகு அமெரிக்காவில் கேள்வியின் திசை மாறியது. தேசியச் சுகாதார நிறுவனத்தில் பல் சுகாதாரப் பிரிவைப் பொறுப்பேற்ற டிரெண்ட்லி டீன், எவ்வளவு புளோரைடு இருந்தால் கறை வருகிறது என்று கேட்டார். அதற்கு முதலில் துல்லியமாக அளக்கும் முறை வேண்டும்; எலியாஸ் எல்வோவ் என்ற வேதியியலாளர் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் அளவுக்கு நுணுக்கமாகக் கண்டறியும் முறையை உருவாக்கிக் கொடுத்தார். டீன் ஊர் ஊராகச் சென்று, கறையை அதன் கடுமைக்கேற்பப் படிகளாகப் பிரித்தார். இன்றும் உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் அந்தப் படிகளைத்தான் கற்கிறார்கள். அந்த அட்டவணையில் என் பற்கள் 'மிதமானது' என்ற படியில் வருகின்றன. அதற்கு மேல் ஒரே ஒரு படிதான் இருக்கிறது. என்னோடு படித்தவர்களில் சிலர் அந்த மேல்படியைச் சேர்ந்தவர்கள், அவர்களுடைய பற்களில் எனாமல் குழிகுழியாகப் பெயர்ந்திருந்தது.

பிளாக்கும் மெக்கேயும் எழுதிவைத்த அந்த ஒவ்வாத குறிப்பை டீன் கையில் எடுத்தார். 21 நகரங்களில் 12 முதல் 14 வயது வரையிலான 7,257 பிள்ளைகளைப் பரிசோதித்ததில், லிட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் புளோரைடு உள்ள தண்ணீரைக் குடித்தவர்களுக்குக் கண்ணுக்கு உறுத்தும் கறையும் இல்லை, சொத்தையும் கணிசமாகக் குறைவு என்று தெரிந்தது. அப்படியானால் குறைவாக உள்ள தண்ணீரில் அந்த அளவுக்குச் சேர்த்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. 1945 ஜனவரி 25 அன்று மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம், உலகிலேயே முதலாவதாகத் தன் குடிநீரில் புளோரைடைச் சேர்த்தது. ஒப்பீட்டுக்காகப் புளோரைடு சேர்க்கப்படாத நகரமாக வைக்கப்பட்டது மஸ்கீகன். பதினோராம் ஆண்டில், புளோரைடு சேர்த்த பிறகு பிறந்த கிராண்ட் ராப்பிட்ஸ் பிள்ளைகளுக்குச் சொத்தை 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருப்பதாக டீன் அறிவித்தார். மஸ்கீகன் அதுவரை காத்திருக்கவில்லை. 1951-ஆம் ஆண்டிலேயே தன் தண்ணீரிலும் சேர்க்கத் தொடங்கிவிட்டது. பின்னர் புளோரைடுப் பற்பசை பரவியது. புளோரைடு விழுங்கப்பட்டு வேலை செய்வதைவிடப் பல்லின் மேற்பரப்பில் பட்டு வேலை செய்வதே முதன்மையானது என்ற கருத்தும் வலுப்பெற்றது. பொதுக் குடிநீரில் சேர்ப்பது முறையா என்ற விவாதம் அந்த நாடுகளில் இன்றும் ஓயவில்லை. அது அவர்களுடைய விவாதம். எங்கள் தண்ணீரில் யாரும் எதையும் சேர்க்கவில்லை, பாறை சேர்த்தது. நாங்கள் கேட்டது அதை எடுப்பதற்கான வழியை.

எடுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டுக்கு எப்போது தெரியும் என்று தேடிப் போனபோதுதான் என் மனம் உண்மையில் கலங்கியது. 1930-களின் தொடக்கத்தில், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பக்கத்து உழவர்கள், தங்கள் உழவு மாடுகள் மூட்டு இறுகி, நடக்க முடியாமல் போவதைக் கவனித்தார்கள். அதே இறுக்கம் மனிதர்களிடமும் தெரிந்தது. கழுத்தைத் திருப்ப முடியாது. முதுகெலும்பு ஒரே கழியாக விறைத்துவிடும். முற்றிய நிலையில் தண்டுவடம் நெருக்கப்பட்டுக் கால்கள் செயலிழக்கும். சென்னைக் கிண்டியில் உள்ள கிங் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் எச். இ. ஷார்ட்டும், அவருடன் மெக்ராபர்ட், பார்னார்ட், மன்னாடி நாயர் ஆகியோரும் இதை ஆராய்ந்து, சென்னை மாகாணத்தில் நிலவும் புளோரைடு நோய் என்று 1937-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஷார்ட், மலேரியாக் கிருமி மனிதக் கல்லீரலில் ஒளிந்து வளர்வதைப் பின்னாளில் கண்டறிந்தவர்களில் ஒருவர். பார்னார்ட், சென்னை மருத்துவக் கல்லூரியின் கதிரியல் நிறுவனம் தாங்கியிருக்கும் பெயருக்கு உரியவர். எலும்புகள் அடர்ந்து, தசைநார்களில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருப்பதை எக்ஸ்ரே காட்டியது. கோபன்ஹேகனில் கிரியோலைட் என்னும் புளோரைடுக் கனிமத் தூளைச் சுவாசித்த ஆலைத் தொழிலாளர்களிடம் டென்மார்க் மருத்துவர்கள் 1932-ஆம் ஆண்டில் கண்டதும் இதே எலும்பு மாற்றம்தான். அங்கே ஆலைக்குள் நடந்தது இங்கே வயற்காட்டில், குடத்துத் தண்ணீரால் நடந்துகொண்டிருந்தது.

கிண்டியிலிருந்து எங்கள் ஊர் ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர். 1937-இலிருந்து எங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணறு தோண்டிய ஆண்டுவரை ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள். அந்த அறிவு இந்தத் தொலைவையும் காலத்தையும் கடந்து எங்கள் பம்படிக்கு வந்து சேரவில்லை. கிணறு தோண்டியவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். திறந்த கிணற்றுத் தண்ணீர் வாந்திபேதியைக் கொண்டுவந்த காலம் அது. மூடிய குழாய் வழியே வரும் ஆழத்துத் தண்ணீர் பிள்ளைகளின் உயிரைக் காக்கும் என்று நம்பித் தோண்டினார்கள், காக்கவும் செய்தது. ஆனால் எங்கள் மண்ணுக்குக் கீழே இருப்பது பழைமையான கருங்கற்பாறை. அதில் உள்ள அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களில் புளோரைடு இருக்கிறது. காரத்தன்மை மிகுந்து கால்சியம் குறைந்த தண்ணீர் அந்தப் பாறைப் பிளவுகளில் நெடுங்காலம் தங்கினால் புளோரைடு கரைந்து சேர்கிறது. மழைநீர் தேங்கும் ஏரியிலும் மேல்கிணற்றிலும் அவ்வளவு சேராது. கொலராடோவின் பைக்ஸ் பீக்கும் அப்படிப்பட்ட கருங்கல் மலைதான். தண்ணீர் தெளிவாக இருந்தது, சுவையாக இருந்தது, கிருமி இல்லாமல் இருந்தது. அந்த மூன்றையும் பார்த்தவர்கள் நான்காவதாக ஒன்றை அளக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஏற்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம்வரை பொறுக்கலாம் என்பது இன்றைய இந்தியத் தரம்.

நீக்கும் முறைகளும் நம் நாட்டிலேயே பிறந்தன. நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1970-களில், படிகாரத்தையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கலந்து, திரளும் கசடோடு புளோரைடையும் இறங்கவைத்து வடிக்கும் முறையை உருவாக்கியது. மிகவும் பாதிக்கப்பட்டிருந்த, அன்று ஆந்திரத்திலும் இன்று தெலங்கானாவிலும் உள்ள மாவட்டத்தின் பெயரால் அதை நல்கொண்டா முறை என்பார்கள். ஒரு வாளியும் படிகாரமும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம் என்பது அதன் பெருமை. ஒவ்வொரு நாளும் தவறாமல் அளந்து போட்டுக் கலக்கி, காத்திருந்து, கசடை அகற்ற வேண்டும் என்பது கூலி வேலைக்கு விடியலில் கிளம்பும் வீட்டுக்குப் பெருஞ்சுமை. எங்கள் பக்கத்தில் நிலையான தீர்வாக வந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்தான். ஜப்பானின் கடனுதவியோடு காவிரித் தண்ணீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் அந்தத் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் தடுப்பு என்ற சொல் சேர்க்கப்பட்டிருந்தது. 2013-ஆம் ஆண்டில் அது தொடங்கிவைக்கப்பட்டது. ஓக்லியின் பெற்றோர் குழாயை மாற்றியதும் அதே தத்துவம்தான்: கெட்ட ஊற்றைத் திருத்த முடியாவிட்டால் வேறு ஊற்றுக்குப் போ.

எங்கள் தெருவுக்குக் காவிரித் தண்ணீர் 2015-ஆம் ஆண்டில் வந்தது. அண்ணன் மகன் 2011-இல் பிறந்தவன். அவன் தங்கை 2016-இல் பிறந்தவள். சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, திண்ணையில் உட்காரவைத்துக் கைப்பேசி விளக்கில் அவன் வாயைப் பார்த்தேன். முன்பற்களிலும் முதல் கடைவாய்ப்பற்களிலும் எனக்கு இருப்பதைவிட மங்கலான கறை இருந்தது. அவற்றின் எனாமல் உருவான காலம் அவன் பம்புத் தண்ணீரைக் குடித்த காலம். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு முளைத்த இரண்டாம் கடைவாய்ப்பற்கள் சுத்தமாக இருந்தன. ஒரே வாயில் இரண்டு தண்ணீரும் தங்கள் ஆண்டுகளை எழுதியிருந்தன. தங்கை கேட்காமலேயே வந்து நின்று வாயைத் திறந்தாள். அவளுக்கு முளைத்திருந்த நிலைப்பற்களில் தேடியும் கறை இல்லை. "உங்க பல்லுல மட்டும் ஏன் சித்தப்பா இப்படி?" என்று கேட்டாள். கொலராடோவில் தொடங்கி அவளுக்குப் புரியும் அளவுக்குச் சொன்னேன். அவள் அண்ணன், ஓக்லியில் குழாயை மாற்றிய இடத்தில் நிறுத்தி, "மெஷின் எதுவும் சொல்லலைன்னாலும் மாத்தச் சொன்னாரா?" என்று திரும்பக் கேட்டான்.

ஊர்க் கோடியில் அந்தக் கைப்பம்பு இன்னும் இருக்கிறது. குடிக்கவோ சமைக்கவோ யாரும் அதில் பிடிப்பதில்லை; மாடுகளுக்கு மட்டும் அந்தத் தண்ணீரைக் காட்டுகிறார்கள். கதையை நான் முடித்த பிறகு, அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன், நெல்லூர் மாடுகளுக்கு என்ன ஆயிற்று என்று இரண்டாவது முறையாகக் கேட்டார். மறுநாள் விடிந்ததும் இருவரும் கட்டுத்தறிக்குப் போனோம். ஆறு பல் போட்ட செவலைக் காளையின் வாயை அண்ணன் பிடித்துக்கொள்ள, நான் கீழுதட்டை விலக்கினேன். சந்தையில் வயது பார்க்க எத்தனையோ முறை விலக்கிப் பார்த்த வாய்தான் அது. ஆறு பற்களிலும் சுண்ணாம்பு வெண்மையும், அதன் நடுவே தேநீர் சிந்திக் காய்ந்தது போன்ற பழுப்புத் திட்டுகளும் இருந்தன. அண்ணன் உதட்டை விட்டுவிட்டு, பம்படியிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த வாளியைக் கவிழ்த்தார்.